கழுத்துக் கட்டியும் மார்புக் கட்டியும்

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களை எண்ணிக்கைப்படி அடுக்கினால் மார்பகப் புற்றுநோய் முதலாவதாக நிற்கிறது. அடுத்தது தைரொயிட் புற்றுநோய். உலகக் கணக்கில் பெண்களிடையே தைரொயிட் ஐந்தாவதுதான். நுரையீரல், பெருங்குடல், கருப்பைக் கழுத்து மூன்றும் அதற்கு முன்னே இருக்கின்றன. இந்தியாவில் மார்பகத்துக்கு அடுத்த இடம் கருப்பைக் கழுத்துக்கு. நமது பட்டியலில் தைரொயிட் இவ்வளவு மேலே ஏறியது எப்படி? முதலாவதும் இரண்டாவதுமாக ஒட்டி நிற்கும் இந்த இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவையா? இரண்டுக்கும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமா?

கொழும்பு மாளிகாவத்தையில் இருந்துகொண்டு இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் தொடர்மாடிகளில் ஒரு பெண்ணின் கழுத்தில் சின்ன வீக்கம் தெரிந்தால் வீடே பதறுகிறது. அந்தக் கிழமைக்குள் இரத்தம் சோதித்து, கழுத்துக்கு ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு டொக்டரையாவது பார்த்துவிடுகிறார்கள். அதே பெண்ணின் மார்பில் கட்டி தட்டுப்பட்டால், அது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக மாதக்கணக்கில் கிடக்கிறது. மருத்துவம் கேட்பதோ இதற்கு நேர்மாறான அவசரத்தை. இந்தத் தலைகீழ் நிலை எங்கிருந்து வந்தது, அதனால் யாருக்கு நட்டம் என்று விளங்கிக்கொள்ளத்தான் இரண்டு நோய்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

இரண்டும் ஓமோன்களோடு பின்னிக் கிடக்கும் நோய்கள். ஆனால் பின்னல் இரண்டிலும் வேறு வேறு. மார்பகம் ஓமோனுக்குக் கட்டுப்படும் உறுப்பு. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரஜனும் புரொஜெஸ்தரோனும் ஏறி இறங்க, அதன் கலங்களும் மாதாமாதம் பெருகி அடங்குகின்றன. பூப்படைந்த நாளிலிருந்து மாதவிடாய் நிற்கும் நாள்வரை இது நடக்கிறது. எத்தனை முறை கலங்கள் பெருகுகின்றனவோ அத்தனை முறை மரபணுவில் பிழை விழ வாய்ப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமாஸினி, கன்னியர் மடங்களில் மார்பகப் புற்றுநோய் அதிகம் இருப்பதைக் கவனித்து எழுதினார். கருவுறாத, பால் கொடுக்காத பெண்களின் உடலில் இந்த ஏற்ற இறக்கம் இடைவிடாமல் நடக்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வழியில்லை. 1895இல் கிளாஸ்கோ நகரத்து அறுவை மருத்துவர் ஜோர்ஜ் பீட்சன், முற்றிய மார்பகப் புற்றுநோய் இருந்த பெண்ணின் சூலகங்களை அகற்றினார், கட்டி சுருங்கியது. ஈஸ்ட்ரஜன் என்ற பொருளையே அப்போது யாரும் பிரித்தெடுத்திருக்கவில்லை.

தைரொயிட் தானே ஓமோன் சுரக்கும் உறுப்பு. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி அனுப்பும் டிஎஸ்எச் என்ற ஓமோன்தான் அதை வேலை செய்யவும் வளரவும் தூண்டுகிறது. தைரொயிட் கலங்கள் புற்றாக மாறிய பிறகும் அவற்றில் பெரும்பாலானவை டிஎஸ்எச்சின் தூண்டலுக்குக் கட்டுப்பட்டே இருக்கின்றன.

இதனால் சிகிச்சை இரண்டிலும் எதிரெதிர்த் திசையில் போகிறது. மார்பகத்தில் ஓமோனை மறிக்கிறார்கள். ஈஸ்ட்ரஜன் ஏற்பி உள்ள கட்டி என்றால் டமொக்சிபன் மாத்திரை ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம். தைரொயிட்டில் தைரொட்சின் என்ற ஓமோனைக் கொடுக்கிறார்கள். சுரப்பியை எடுத்துவிட்டதால் உடலுக்குத் தேவையானதைக் கொடுப்பது ஒன்று. போதிய தைரொட்சின் இரத்தத்தில் இருந்தால் டிஎஸ்எச் அடங்கும், மிச்சம் மீதிப் புற்றுக் கலங்களுக்குத் தூண்டல் போகாது என்பது மற்றொன்று. பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இரண்டு பெண்கள் தினமும் ஒவ்வொரு மாத்திரை போடுகிறார்கள்; ஒருத்தி ஓமோனின் வாசலை அடைக்க, மற்றவள் ஓமோனை நிரப்ப. ஒருத்தியின் அனுபவத்தை வைத்து மற்றவளுக்கு யோசனை சொல்வது இதனால்தான் ஆபத்து. எங்கள் படிக்கட்டுகளில் அந்த யோசனைகளுக்குக் குறைவே இல்லை.

இனி மரணக் கணக்கு. 2022ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டில் மார்பகப் புற்றுநோய் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்குப் புதிதாக வந்தது. அந்த வருடம் அதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம். தைரொயிட் புற்றுநோய் ஆண், பெண் இருபாலாருக்குமாக 8 இலட்சத்து 20 ஆயிரம் பேருக்கு வந்தது. இறந்தவர்கள் 47,000 சொச்சம். நூறு புதிய நோயாளிகளுக்கு இத்தனை மரணம் என்று பார்த்தால் ஒன்றில் 29, மற்றதில் ஆறுகூட இல்லை. இலங்கையின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2019இல் 4,400க்கு மேற்பட்ட பெண்கள் மார்பகப் புற்றுநோயோடு பதிவானார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். பெண்களுக்கு வந்த எல்லாப் புற்றுநோய்களிலும் இது நாலில் ஒரு பங்கு.

நோயின் கட்டத்தை மருத்துவர்கள் குறிக்கும் முறையிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. மார்பகப் புற்று நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டால் நோயாளிக்கு 30 வயதானாலும் 70 வயதானாலும் அது நாலாம் கட்டம். தைரொயிட்டில் மிகப் பெரும்பான்மையான பபிலரி வகை, 55 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு வந்து, நுரையீரல்வரை பரவியிருந்தாலும் இரண்டாம் கட்டத்துக்கு மேல் அதைக் குறிப்பதில்லை. உடலில் வேறு இடங்களுக்குப் பரவிய நோயை இரண்டாம் கட்டம் என்று எழுதும் துணிவு மருத்துவத்துக்கு எங்கிருந்து வந்தது? அந்த வயதினர் சிகிச்சைக்குப் பிறகு பல்லாண்டு வாழ்வதைப் பார்த்துப் பார்த்து வந்தது. வயதே கட்டத்தைத் தீர்மானிக்கும் புற்றுநோய் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் தைரொயிட் புற்று ஏன் இத்தனை பேருக்கு வருகிறது? வருகிறதா, அல்லது கண்ணில் படுகிறதா என்பதுதான் சரியான கேள்வி. 1985இல் பின்லாந்தில், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைரொயிட்டை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களிடம் சின்னஞ்சிறு பபிலரிப் புற்று இருந்தது. உயிரோடிருக்கும்போது அவர்களுக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு தென்கொரியாவின் கதையைப் பார்க்க வேண்டும். அங்கே 1999இல் அரசாங்கம் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபோது தைரொயிட் அந்தத் திட்டத்தில் இல்லை. ஆனால் வந்தவர்களுக்குச் சிறு மேலதிகக் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனும் எடுத்துக் கொடுத்தார்கள். 2011 ஆகும்போது தைரொயிட் புற்றுநோய்ப் பதிவு 1993இல் இருந்ததைப் போலப் பதினைந்து மடங்கு. அந்த ஒரு வருடத்தில் 40,000 பேருக்கு மேல் நோயாளிகளானார்கள். அநேகமாக எல்லோருக்கும் சத்திரசிகிச்சை. தைரொயிட் புற்றால் இறந்தவர்களின் வீதமோ இருந்த இடத்திலேயே இருந்தது. 2014இல் கொரிய மருத்துவர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து இந்த ஸ்கேனை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு, ஸ்கேனும் குறைந்தது, சத்திரசிகிச்சையும் குறைந்தது. 2017இல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ நிபுணர் குழு, எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

இலங்கையிலும் 2001க்கும் 2010க்கும் இடையில் தைரொயிட் புற்றுநோய் வீதம் ஏறத்தாழ இரட்டிப்பானது என்று பதிவேட்டை ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகம் கூடியது பபிலரி வகை. கொரியாவைப் போல இங்கே பரிசோதனைத் திட்டம் எதுவும் இல்லை. ஆனால் கொழும்பில் ஸ்கேன் இயந்திரம் இல்லாத தனியார் நிலையத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கழுத்து வலிக்கு, தலைசுற்றலுக்கு, "முழு உடம்பு செக்கப்" என்ற பொதிக்கு என்று ஏதோ ஒன்றுக்காகப் போனவர்களின் கழுத்தில் 4 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் என்று முடிச்சுகள் வெளிப்படுகின்றன. வேறு காரணத்துக்காக எடுத்த சுரப்பியை ஆய்வுகூடத்தில் பார்க்கும்போது உள்ளே சிறு புற்று இருப்பதும் தெரியவருகிறது. கூடியதில் எவ்வளவு உண்மையான பெருக்கம், எவ்வளவு பார்வையின் கூர்மை என்று பிரிப்பது கடினம். இரண்டாவதின் பங்கு பெரிது என்றே நான் நினைக்கிறேன்.

உப்பின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயம் பழைய கண்டக்கழலைப் பிரதேசம்; மழை மண்ணின் அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடும். கொழும்பும் அதற்குள்தான். 1995இல் உணவு உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. அதன் பிறகு பெரிய கழலையோடு நடமாடுபவர்களைக் காண்பது அரிதாகிவிட்டது. அயடீன் குறைந்த நாடுகளில் பொலிகியூலர் என்ற, இரத்தத்தின் வழியே பரவக்கூடிய தைரொயிட் புற்று கூடுதலாக இருக்கும். அயடீன் போதுமானபோது அதன் பங்கு குறைந்து, சாதுவான பபிலரியின் பங்கு கூடும். பல நாடுகளில் கண்ட மாற்றம் இது. இதைப் பாதி கேட்டுவிட்டு "அயடீன் உப்பால்தான் கென்சர் வருது" என்று கல்லுப்புக்கு மாறிய வீடுகள் எனக்குத் தெரியும். கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும். அந்த உப்பைத் தள்ளி வைப்பதைப் போன்ற தவறு வேறில்லை.

தைரொயிட் புற்றுக்கு உறுதியாகத் தெரிந்த காரணம் சிறுவயதில் கழுத்தில் பட்ட கதிர்வீச்சு. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியேறிய கதிரியக்க அயடீன் புல்லில் விழுந்து, பசுவின் பாலில் ஏறி, அதைக் குடித்த பிள்ளைகளின் தைரொயிட்டில் தங்கியது. சில வருடங்களில் பெலாரசிலும் உக்ரைனிலும் சிறுவர்களிடையே தைரொயிட் புற்றுநோய் பெருகியது. அதற்கு முன்பே, படைநோய்க்கும் தொண்டை வீக்கத்துக்கும் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சுக் கொடுத்த காலம் ஒன்று மேலைநாடுகளில் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் பலர் வளர்ந்த பிறகு அதன் பலனை அனுபவித்தார்கள். இதைத் தவிர குடும்ப வரலாறு, உடற்பருமன், பெண்ணாகப் பிறந்திருப்பது. ஆண்களைப் போல மூன்று மடங்கு பெண்களுக்கு ஏன் வருகிறது என்பதற்கு இன்னும் திருப்தியான விடை இல்லை. மொத்தத்தில் தைரொயிட் விஷயத்தில் ஒரு பெண் தன் வாழ்க்கையில் மாற்றிக்கொள்ளக் கூடியது மிகக் குறைவு.

மார்பகத்தின் காரணங்கள் அப்படியல்ல. அவை பெண்ணின் முழு வாழ்க்கையோடும் கலந்தவை. எந்த வயதில் பூப்படைந்தாள், எந்த வயதில் முதற் பிள்ளை, எத்தனை பிள்ளை, எவ்வளவு காலம் பால் கொடுத்தாள், எப்போது மாதவிடாய் நின்றது, அதன் பிறகு உடம்பு எவ்வளவு பெருத்தது, மாதவிடாய் நின்ற பிறகு ஓமோன் மாத்திரை எடுத்தாளா, மது அருந்துகிறாளா, தாய்க்கும் சகோதரிக்கும் இந்த நோய் இருந்ததா. 2002இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று, பால் கொடுக்கும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஆபத்து 4.3 வீதமும், ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 வீதமும் குறைகிறது என்று கணித்தது. இரண்டு வருடம் பால் கொடுப்பதை மார்க்கமே வலியுறுத்தும் முஸ்லிம் சமூகம் எங்களுடையது. மூன்று பிள்ளைகளுக்கும் இரண்டிரண்டு வருடம் கொடுத்த உம்மாவுக்கு, பால் கொடுத்ததால் மட்டும் ஆபத்தில் ஏறத்தாழக் கால்வாசி குறைந்திருக்கும். இலங்கை முழுவதுமே இதில் பெருமைப்படலாம்: 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளில் 82 வீதமானோருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டது.

ஆனால் இந்த நல்ல செய்தியே எங்கள் பெண்களைக் கெடுத்தும் விடுகிறது. "நாலு புள்ளைக்குப் பால் குடுத்தவ நான், எனக்கு அது வராது." கட்டி தட்டுப்பட்ட பிறகும் இதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாமியை எனக்குத் தெரியும். கால்வாசி குறைந்தால் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. அதன் மேல் வயது ஏறுகிறது. தெற்காசியாவிலேயே வயதானவர்களின் பங்கு அதிகமான நாடு இலங்கை. மார்பகப் புற்றுக்கு வயதைவிடப் பெரிய காரணம் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் சூலகம் ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரஜன் உருவாகும் இடம் கொழுப்பு. அந்தக் கொழுப்பைக் குறைக்க, மாளிகாவத்தையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி மாலையில் அரை மணித்தியாலம் நடக்க வேண்டும் என்றால் எங்கே நடப்பது? கெத்தாராமையில் உலகப் புகழ்பெற்ற கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. அதன் வேலிக்கு வெளியே முச்சக்கர வண்டிகளுக்கு இடையில் பெண்கள் நடக்க ஒரு பாதை இல்லை. நீரிழிவு, அழுத்தம், சிறுநீரகம் என்று எங்கள் பகுதியின் நோய்ப் பட்டியல் நீளமானது, சிறுநீரகத்துக்கான தேசிய வைத்தியசாலையே எங்கள் வீதியில்தான். அந்தப் பட்டியலில் மார்பகப் புற்றும் அதே உடற்பருமனின் வழியாக வந்து சேர்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

வாழ்க்கை மாற மார்பகப் புற்று மேலே ஏறுவதை நமக்கு முன்பே கண்ட ஊர் சென்னை. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1980களின் தொடக்கத்திலிருந்து நகரத்தின் புற்றுநோயாளிகளைப் பதிந்து வருகிறது. ஆரம்பத்தில் பெண்களிடையே முதலிடம் கருப்பைக் கழுத்துக்கு. திருமணம் தாமதித்து, பிள்ளைகள் குறைந்து, ஆயுளும் கூட, மார்பகம் அதை முந்திக்கொண்டு மேலே போனது. அந்தப் பதிவேட்டில் நடந்ததே கொழும்பிலும் நடந்துகொண்டிருக்கிறது.

சிகிச்சை எங்கள் வீடுகளுக்குள் வந்து நுழையும்போது இரண்டு நோய்களின் சுமையும் வேறு விதமாக இறங்குகிறது. தைரொயிட் முழுவதையும் எடுத்த சிலருக்குக் கதிரியக்க அயடீன் கொடுக்கிறார்கள். தைரொயிட் கலங்கள் அயடீனை எங்கிருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்பதால், பரவிய புற்றுக் கலமும் அதை விழுங்கி அழிந்துபோகும். அருமையான சிகிச்சை. ஆனால் அதற்கு முன் ஒன்றிரண்டு கிழமை அயடீன் குறைந்த சாப்பாடு: மீன் இல்லை, மாசி இல்லை, முட்டையும் பாலும் மட்டுமட்டு. அயடீன் சேர்க்காத உப்பைத் தேடிக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும், சட்டப்படி கடையில் இருப்பதெல்லாம் அயடீன் உப்பு. மருந்து குடித்த பிறகு அவள் உடம்பிலிருந்து கதிர் வீசும். கதிரியக்க அயடீனின் அரைவாசி அழிய எட்டு நாள். வைத்தியசாலைத் தனியறையில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும், பிள்ளைகளைத் தூக்கக் கூடாது, கர்ப்பிணிகளுக்குக் கிட்டப் போகக் கூடாது, தனியாகப் படுக்க வேண்டும். இரண்டு அறைத் தொடர்மாடி வீட்டில், உம்மா, மகள், மருமகன், மூன்று பேரப்பிள்ளைகள் இருக்கும் இடத்தில், தனி அறைக்கு எங்கே போவது? பல வீடுகளில் பேரப்பிள்ளைகளைத்தான் தெமட்டகொடையிலோ கிராண்ட்பாஸிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக்கும் விலை உண்டு. தைரொயிட்டின் பின்னால் குரல்வளைக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. அதில் ஊறுபட்டால் குரல் கம்மிவிடும். அதை ஒட்டியிருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் கெட்டால் இரத்தத்தில் கல்சியம் இறங்கி விரல் நுனியும் உதடும் விறைக்கும். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஒரு பெண்ணுக்குக் குரல் போவது என்றால் சீவியமே போவதுபோல. உயிருக்கு ஆபத்தான கட்டி என்றால் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும். 6 மில்லிமீற்றர் முடிச்சுக்காகக் கொடுக்க வேண்டுமா? ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா வைத்தியசாலை 1993 முதல், ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட ஆபத்துக் குறைந்த பபிலரிப் புற்றுகளை வெட்டாமல் ஸ்கேன் மூலம் கவனித்து வருகிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்கணக்கில் வளரவே இல்லை. வளர்ந்த சிலருக்குப் பிறகு சத்திரசிகிச்சை செய்தபோதும் அவர்கள் நலமாகவே இருந்தார்கள். முடிச்சின் தோற்றத்தைப் பார்த்து எதற்கு ஊசி குத்திச் சோதிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சொல்லும் மதிப்பெண் முறைகள் இப்போது உலகெங்கும் பழக்கத்தில் இருக்கின்றன. பொதுவாக ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்ததை அவை சீண்டுவதில்லை.

தைரொயிட் எல்லாமே சாது என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமாகப் பெருக்கும் கட்டி, கம்மிய குரல் மாறாமல் இருப்பது, விழுங்கச் சிரமம், கழுத்தின் பக்கத்தில் நெறி கட்டி இறுகி நிற்பது, சிறுவயதில் கதிர்வீச்சுப் பட்ட வரலாறு, குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்று: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க நேரமில்லை. வயது முதிர்ந்தவர்களுக்கு அரிதாக வரும் அனப்பிளாஸ்டிக் வகை, மனிதருக்கு வரும் புற்றுகளிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று. மார்பகப் புற்று வந்த பெண்களுக்குத் தைரொயிட் புற்றும், தைரொயிட் வந்தவர்களுக்கு மார்பகமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒன்று வந்தவர் மற்றதைப் பற்றி டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைப்பது நல்லது.

மார்பகச் சிகிச்சையின் சுமை வேறு வகை. கட்டியை மட்டும் அல்லது மார்பகத்தையே எடுப்பது, கீமோ, கதிர்வீச்சு, பிறகு வருடக்கணக்கில் மாத்திரை. கதிர்வீச்சு என்றால் கிழமையில் ஐந்து நாள், வாரக்கணக்கில், கோட்டைக்குப் போய் 138ஆம் இலக்க பஸ் பிடித்து மஹரகமை அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வர வேண்டும். சிகிச்சை இலவசம், போய்வரும் செலவும், கூடப் போகிற மகள் இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல. கட்டி சிறிதாக இருக்கும்போது வந்தவளுக்கு இதில் பாதி மிச்சமாகும். மார்பகத்தைக் காப்பாற்றலாம், சிலருக்குக் கீமோவே வேண்டியிராது. ஆறு மாதம் மறைத்துவைத்து, தோல் தடித்து, அக்குளில் நெறி கட்டிய பிறகு வருகிறவளுக்கு எல்லாமே வேண்டியிருக்கிறது.

மறைப்பதற்குச் சொல்லும் காரணங்களை எங்கள் வீடுகளில் கேட்டால் மனம் கனக்கும். "நோம்பு முடியட்டும்." "மகள்ட கலியாணம் முடியட்டும், இப்ப சொன்னா மாப்பிள்ள வீட்டுல என்ன நினைப்பாங்க." "வலிக்கல்லத்தானே." வலி இல்லாததுதான் மார்பகப் புற்றின் பெரிய சூழ்ச்சி, தொடக்கத்தில் அநேகமாக வலிக்காது. இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: ஆண் டொக்டருக்கு எப்படிக் காட்டுவது என்ற கூச்சம். கழுத்தைக் காட்டுவதில் அந்தக் கூச்சம் இல்லை. அபாயம் குறைந்த உறுப்பு ஸ்கேன் மேசைக்கு முதலில் போவதற்கும், அபாயம் கூடியது கடைசியில் போவதற்கும் காரணம் மருத்துவ அறிவோ பணமோ மட்டுமல்ல, இந்த வெட்கமும்தான். இதைக் குற்றமாகச் சொல்ல நான் வரவில்லை. அந்த வெட்கத்துக்கு மதிப்புக் கொடுத்தே அதைத் தாண்டும் வழி ஏற்கெனவே இருக்கிறது.

1996 முதல் நாடெங்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. 35 வயதுப் பெண்களையும் 45 வயதுப் பெண்களையும் முக்கியமாக அழைக்கிறார்கள். மார்பகத்தைக் கையால் சோதிக்கிறார்கள், கருப்பைக் கழுத்துக்கும் சோதனை உண்டு, சீனியும் அழுத்தமும் பார்க்கிறார்கள். காசு கிடையாது. நாரஹேன்பிட்டியில் தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஆரம்பக் கண்டறிதல் நிலையமும் இருக்கிறது, மாளிகாவத்தையிலிருந்து முச்சக்கர வண்டியில் போகும் தூரம். கையால் சோதிப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மும்பையின் விடை இருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை, மும்பைச் சேரிகளில் 35 முதல் 64 வயதுவரையான ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டு இருபது வருடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கொரு முறை கையால் மட்டுமே சோதித்தார்கள். மமோகிராம் இல்லை. அப்படிச் சோதிக்கப்பட்ட பெண்களின் கட்டிகள் முன்கூட்டியே பிடிபட்டன; 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 வீதம் குறைந்தது. அதைவிட இளையவர்களிடம் அந்தப் பயன் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நெருக்கடியான குடியிருப்பு, சிறு வருமானம், ஆண் மருத்துவரிடம் போகத் தயக்கம் என்று அந்தப் பெண்களின் நிலைமை எங்கள் பெண்களின் நிலைமையேதான்.

ஆகவே மாளிகாவத்தையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு பரிசோதனைக்குத்தான் நேரமும் காசும் இருக்கிறதென்றால், எந்த அறிகுறியும் இல்லாத கழுத்துக்கு ஸ்கேன் எடுப்பதில் அதைச் செலவழிக்க வேண்டாம் என்பேன். ஐம்பது தாண்டிய உம்மாவின் மார்பைச் சோதிக்க அந்தக் காலைப்பொழுதைக் கொடுங்கள். கட்டி தட்டுப்பட்டால் எந்த வயதானாலும் அந்தக் கிழமையே காட்டுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் வைத்த இலக்கின்படி, முதன்முதலில் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதியாகிவிட வேண்டும். அந்த 60 நாளை டொக்டரிடம் போன பிறகுதான் எண்ணத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் வீட்டுக்குள் கழியும் மாதங்களை எந்த அரசாங்கத்தாலும் குறைக்க முடியாது.

மாத்திரை மட்டும் போட்டுவருபவர்களுக்கு நோன்பும் பொதுவாகத் தடையல்ல, நேரத்தை மாற்றினால் போதும். டமொக்சிபனை இப்தாருக்குப் பிறகோ சஹருக்கோ போடலாம். தைரொட்சின் வெறும் வயிற்றில் போக வேண்டியது. நோன்புக் கஞ்சியும் சாப்பாடும் முடிந்து இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம். இல்லையென்றால் சஹர் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னே எழும்பிப் போடலாம். கல்சியம் மாத்திரையும் இருந்தால் இரண்டுக்கும் இடையில் நான்கு மணித்தியாலம் விட வேண்டும். நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிளினிக்கிலேயே இதைக் கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கிக்கொண்டால் வீட்டில் விவாதம் வராது.

எங்கள் பள்ளிவாசல்களை ஒட்டிப் பெண்களுக்கான பயான் வகுப்புகள் கிழமைதோறும் நடக்கின்றன. தொடர்மாடிப் பெண்கள் வேறெங்கும் இத்தனை பேராக ஓரிடத்தில் கூடுவதில்லை. மாதத்தில் ஒரு வகுப்புக்கு மிட்வைஃப் மிஸ்ஸை அழைத்து, மார்பைத் தானே தடவிப் பார்ப்பது எப்படி, எந்த மாற்றத்தைக் கண்டால் எங்கே போவது என்று காட்டச் சொல்லலாம். 35ஐயும் 45ஐயும் தொட்டவர்களின் பெயரை அங்கேயே எழுதிக் கிளினிக் திகதியைக் கொடுத்துவிடலாம். மாநகரசபைக் கிளினிக்குக்கு அவர்களைத் தனித்தனியாக அனுப்பாமல் ஐந்தாறு பேராகச் சேர்த்து அனுப்பினால் வீட்டில் காரணம் சொல்வதும் லேசு. அந்த முதற் குழுவில் வகுப்பை நடத்தும் உஸ்தாதாவும் போய்ச் சோதித்துக்கொண்டு வந்தால், அடுத்த மாதம் பெயர் கொடுக்க ஆட்கள் தாமாகவே வருவார்கள்.